குளிர்காலத்தில் ஆடிய ஆட்டம்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கு பேஸ்பால் விதிமுறைகள் முழுசாகத் தெரியாது. உருண்டை மட்டை, ஒன்பது இன்னிங்ஸ், ஸ்கோர் சமமாக இருந்தால் வீட்டுக்குப் போகாமல் நள்ளிரவு தாண்டியும் ஆடுவார்கள்... அவ்வளவுதான் நம்ம ஞானம்!

ஆனால் சார், அந்த விளையாட்டுக்குள் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. அதற்கு மைதானம் கிடையாது, பந்து கிடையாது. சீசன் முடிந்த பிறகு, குளிர்கால மாதங்களில், டை கட்டிய ஆசாமிகள் டெலிபோனும் கையுமாக ஆடுவது. யாரை வாங்கலாம், யாரைத் தள்ளிவிடலாம், யாருக்குப் பதில் யாரை மாற்றிக்கொள்ளலாம்... கிட்டத்தட்ட கல்யாணப் பேச்சுவார்த்தை! காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படி ஆடிய ஆட்டங்களில் என் ஓட்டு, 2003-04 குளிர்காலத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆடியதற்குத்தான்.

எதிராளி நியூயார்க் யாங்கீஸ். பங்காளிச் சண்டை பழசு. 1919 கடைசியில் பேப் ரூத் என்ற தங்கமான ஆட்டக்காரரை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றுவிட்டது பாஸ்டன். அதுவரை கோப்பையே பார்க்காத யாங்கீஸ், 1923-லிருந்து 2000-க்குள் 26 முறை சாம்பியன்! பாஸ்டன் கடைசியாக ஜெயித்தது 1918. அதற்கப்புறம்? பூஜ்யம். 'ரூத் விட்ட சாபம்' என்றே ஊரில் பேச்சு.

2003 அக்டோபரில் சாபம் தீர்கிற மாதிரி இருந்தது. யாங்கீஸோடு ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 5-2 முன்னிலை. பந்து வீசிய பெட்ரோ மார்ட்டினஸ் களைத்துப் போயிருந்தார். மேனேஜர் அவரை மாற்றவில்லை. மளமளவென்று ஸ்கோர் சமம். பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் என்ற யாங்கீஸ்காரர், தனக்கு வந்த முதல் பந்தையே ஹோம் ரன்னுக்குத் தூக்கினார். கதை முடிந்தது. மேனேஜரின் வேலையும் முடிந்தது.

பாஸ்டனின் ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டீனுக்கு அப்போது வயது 29. அந்த வயதில் நம்மில் பலர் இன்கிரிமென்ட் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருப்போம். அவர் அணிக்கு ஆடிட்டிங் செய்தார்.

என்ன தெரிந்தது? அடிக்கிற ஆளுக்குப் பஞ்சமில்லை. பலமாக அடிப்பதில் 1927 யாங்கீஸ் வைத்திருந்த சாதனையையே அந்த வருஷம் பாஸ்டன் முறியடித்திருந்தது. ஓட்டை இரண்டே இடத்தில்தான். பெட்ரோவுக்குத் துணையாக இன்னொரு முதல்தரப் பந்து வீச்சாளர் வேண்டும். கடைசி இன்னிங்ஸில் வந்து கதவைச் சாத்துகிற ஆள் ஒருவர் வேண்டும்.

முதல் ஓட்டைக்கு அரிஸோனாவின் கர்ட் ஷில்லிங். 2001-ல் யாங்கீஸைத் தோற்கடித்து சாம்பியனான அணியின் தூண். ஆனால் அவர் சம்மதிக்காமல் அவரை எங்கேயும் மாற்ற முடியாது. பேசி முடிக்கக் கெடு வெறும் 72 மணி நேரம். எப்ஸ்டீன் நேராக அரிஸோனாவுக்குப் பறந்தார். நன்றித் திருநாளன்று ஷில்லிங் வீட்டிலேயே விருந்து சாப்பிட்டார். சம்பந்தி வீட்டில் கை நனைத்தால் காரியம் கெட்டுப் போகுமா? மறுநாள் ஒப்பந்தம் முடிந்தது! இரண்டாவது ஓட்டைக்கு கீத் ஃபோல்க். புது மேனேஜராக, ஷில்லிங்கின் பழைய மேனேஜர் டெர்ரி ஃப்ராங்கோனா.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? பத்து வருஷத்துக்கு 25.2 கோடி டாலர் சம்பளம் வாங்கிய அலெக்ஸ் ரோட்ரிகஸ் மேல் கண் விழுந்தது. அவருக்குப் பதிலாகத் தங்கள் மேனி ராமிரஸைத் தரத் தயார். பாஸ்டனுக்கு வருவதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள அலெக்ஸும் ரெடி. தொழிற்சங்கம் குறுக்கே வந்தது. 'சம்பளத்தைக் குறைக்க விடமாட்டோம்!' பேரம் பணால்.

ஜனவரியில் அந்த ஆரன் பூன் கூடைப்பந்து ஆடப்போய் முழங்காலை உடைத்துக்கொண்டார். காலி இடத்துக்கு யாங்கீஸ் யாரைப் பிடித்தது தெரியுமா? அதே அலெக்ஸை! பாஸ்டனே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

பாஸ்டன் ஒன்றும் பரம ஏழை இல்லை. சம்பளப் பட்டியலில் யாங்கீஸ் 18 கோடி டாலருக்கு மேல் என்றால் பாஸ்டன் 12 கோடிக்கு மேல். நாட்டிலேயே இரண்டாவது பணக்கார அணி. ஆனால் முதல் பணக்காரனோடு ஏலத்தில் மோதினால் இரண்டாவது பணக்காரனும் ஏழைதானே!

2004 அக்டோபர். மறுபடி யாங்கீஸ். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, அதில் ஒன்று 19-8. அந்த நிலையிலிருந்து எழுந்து வந்த பேஸ்பால் அணி அதுவரை ஒன்றுகூட இல்லை.

நாலாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால். ஜூலை 31-ல் சத்தமில்லாமல் வாங்கிப் போட்ட டேவ் ராபர்ட்ஸ் மாற்று ஓட்டக்காரராக வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடினார். ஸ்கோர் சமம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஆர்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். இந்த ஆர்டிஸ் யார்? மினசோட்டா வேண்டாமென்று விட்டதும், 2003-ல் 12.5 லட்சம் டாலருக்கு பாஸ்டன் எடுத்துக்கொண்ட ஆள். அலெக்ஸின் ஒரு வருஷச் சம்பளத்தில் இருபது ஆர்டிஸ் வாங்கலாம்!

ஆறாவது ஆட்டத்தில் ஷில்லிங், தையல் போட்ட கணுக்காலோடு காலுறையில் ரத்தம் கசியக் கசியப் பந்து வீசினார். ஏழாவது ஆட்டம் 10-3. இறுதிப் போட்டியில் செயின்ட் லூயிஸை நாலுக்கு நாலு வென்றபோது, கடைசிப் பந்தை வீசியவர் ஃபோல்க். 86 வருஷ சாபம் காலி!

இறுதிப் போட்டியின் சிறந்த வீரர்? மேனி ராமிரஸ். 2003 அக்டோபரில் 'யாராவது சம்பளத்தைக் கொடுத்து சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பாஸ்டன் நீட்டியும் ஒருவரும் வாங்காத ஆள். அலெக்ஸுக்காகத் தரப் பார்த்த அதே ஆள்!

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உதறல்தான். ஓட்டை எதுவென்று பார்த்து வாங்கியதெல்லாம் உதவியது. ஆசைப்பட்டுக் கேட்டது கிடைக்காமல் போனதும் உதவியது. முதலாவது மூளை. இரண்டாவது அதிர்ஷ்டம். கணக்கெழுதும்போது இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிடக் கூடாது!

கடைசியாக ஒன்று. பூன் பின்னாளில் யாங்கீஸின் மேனேஜர் ஆனார். ராபர்ட்ஸ் லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸின் மேனேஜர் ஆனார். 2024 இறுதிப் போட்டியில் இருவரும் மோதினார்கள். 4-1. ஜெயித்தவர், அந்த இரண்டாவது பேஸ் திருடன்தான்!