போர்க்கப்பலைத் தள்ளிய குட்டிப் படகு

தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது பார்த்திருப்பீர்கள். நூறு பேர் வடம் பிடித்தாலும் முதலில் அசைந்து கொடுக்காது. பின்னால் கட்டை கொடுத்து நெம்பினால்தான் சக்கரம் உருளும். நிலை உராய்வு அப்படிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் மிதக்கும் கப்பலுக்கு அந்தப் பிடி கிடையாது. எத்தனை ஆயிரம் டன் எடையானாலும், சிறு விசையை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் மெல்ல நகரத் தொடங்கிவிடும். துறைமுகத்து ‘டக்’ படகுகள், அதாவது இழுவைப் படகுகள், இந்த விதியை நம்பித்தான் வேலை செய்கின்றன.

அவ்வளவு பெரிய கப்பலுக்கு இவற்றின் துணை எதற்கு? சுக்கான் கப்பலைத் திருப்ப வேண்டுமானால் அதன்மேல் தண்ணீர் வேகமாகப் பாய வேண்டும். துறைமுகத்துக்குள் வேகம் குறைந்ததும் சுக்கானின் பேச்சைக் கப்பல் கேட்பதில்லை.

அமெரிக்கக் கடற்படையின் ஹோகா அப்படியொரு இழுவைப் படகு. நீளம் 100 அடிதான். 1941 மே மாதம் பணியில் சேர்ந்தது. அதன் டீசல் என்ஜின்கள் மின்சாரம் தயாரிக்கும். அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்தான் புரொப்பெல்லரைச் சுழற்றும். மெதுவாகச் சுற்றும்போதே மின்மோட்டார் முழு முறுக்குவிசை தரும். முன்னோக்கிப் போவதைச் சட்டென்று பின்னோக்கித் திருப்பவும் முடியும். இழுவைப் படகுக்கு வேகத்தைவிட இவை இரண்டும் முக்கியம். தீயணைக்கும் பம்புகளும் ஹோகாவில் இருந்தன.

அதே ஆண்டு டிசம்பர் 7 காலை, ஹவாயின் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. சில நிமிடங்களில் அங்கிருந்த ஹோகா கிளம்பிவிட்டது. தண்ணீரில் தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டது. எரிந்துகொண்டிருந்த அரிசோனா போர்க்கப்பலின் பக்கத்திலிருந்து வெஸ்டல் என்ற பழுதுபார்ப்புக் கப்பலை விலக்க உதவியது.

அதன்பிறகுதான் பெரிய சோதனை. குண்டுபட்டு நீர் புகுந்த நெவாடா போர்க்கப்பல் கால்வாயில் மூழ்கினால் துறைமுகத்தின் வாசலே அடைபடும். அதனால் அதைக் கரையோரம் தரைதட்ட வைத்தார்கள். ஆனால் மூக்கு மண்ணில் புதைந்திருக்க, பின்பகுதி கால்வாய்க்குள் திரும்பியது. மிதக்கும் கப்பலுக்கு இல்லாத உராய்வு இப்போது நெவாடாவைப் பிடித்துக்கொண்டது. தேரை நெம்புவது போன்ற வேலை! ஹோகா இன்னொரு படகின் துணையோடு அந்தப் பிரம்மாண்டத்தை விடுவித்து, எதிர்க்கரைக்குத் தள்ளிச் சென்று மணலில் ஏற்றியது. கூடவே தண்ணீர் பீய்ச்சி அதன் தீயையும் அணைத்தது. பிறகு எரியும் கப்பல்களோடு போராட்டம். மொத்தம் 72 மணி நேரம் ஓய்வில்லாத உழைப்பு.

காப்பாற்றப்பட்ட நெவாடா பழுதுபார்க்கப்பட்டு, 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியபோது பீரங்கி முழக்கியது. அந்தப் பெருமையில் சரிபாதி இந்தச் சிறு படகுக்குச் சேர வேண்டும் என்பேன்.

ஹோகா 1948 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓக்லண்ட் துறைமுகத்தில் தீயணைப்புப் படகாக உழைத்தது. 1989-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. இப்போது ஆர்கன்சா மாநிலத்தின் நார்த் லிட்டில் ராக் நகரில், ஆற்றோர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பக்கத்திலேயே நிற்பது ரேசர்பேக் என்ற நீர்மூழ்கி. 1945 செப்டம்பர் 2-இல் ஜப்பான் சரணடைந்தபோது டோக்கியோ விரிகுடாவில் இருந்த கப்பல் அது.