பழியால் வந்த பெயர்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுத்தனர் நம் இலக்கண நூலார். காரணப் பெயராயினும், அக்காரணம் பொருளின் இயல்பிற் பிறந்ததா, அதற்கு நேர்ந்த இடையூற்றிற் பிறந்ததா என நோக்குதல் வேண்டும். ஊர்க்காவலனைக் கள்வன் வந்த இரவில் முதன்முதற் கண்டோர், ‘கள்வனைக் காட்டுவோன்’ என்றே அவனுக்குப் பெயரிடின், ஏனைய நாட்களில் அவன் ஆற்றும் பணி மறைந்துபோம். நம் உடற்கலங்களில் உறையும் ஒரு புரதத்துக்கு நேர்ந்தது இதுவே.

அரைல் ஐதரோக்காபன் வாங்கி என்பது அதன் பெயர். டயொட்சின் என்னும் கொடுநஞ்சு சுண்டெலியின் ஈரற்கலத்தில் எதனைப் பற்றுகின்றது என அலன் போலந்து என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 1976 இல் இதனை வெளிப்படுத்தினர். எண்ணெய் முற்ற எரியாதவிடத்து எழும் புகையின் சில சேர்வைகளும் இதனைப் பற்றும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எண்ணெய்க் குதம் எரியக் கண்ட திருகோணமலைக்கு அத்தகைய புகை புதிதன்று. இக்காரணங்களால் இவ்வாங்கி மாசறி கருவியென்றே பெயர்பெறலாயிற்று.

ஆலைகள் தோன்றுமுன் இஃது யாது செய்தது? பழ ஈயிலும் இதன் இனப் புரதம் உண்டு. அது டயொட்சினைப் பற்றுவதில்லை. உணர்கொம்பும் காலும் செவ்வனே உருவாகத் துணைபுரிகின்றது. 1995 இல் இவ்வாங்கி அற்ற சுண்டெலிகளை ஆக்கிய அறிஞர், அவற்றின் ஈரல் சிறுத்தும் நோயெதிர்ப்பு குன்றியும் இருக்கக் கண்டனர். கருவிலிருக்கும்போது ஈரலைச் சுற்றிக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய், பிறந்தபின் மூடுதல் இயல்பு. அத்தகைய எலிகளில் அது மூடாதிருத்தலும் பின்னர் அறியப்பட்டது.

நாம் உண்ணும் கறியும் இதனோடு உறவுடையது. கோவா முதலிய கடுகினக் காய்கறிகளிலுள்ள ஒருவகைச் சேர்வை, இரைப்பை அமிலத்தில் மாற்றமுற்று இவ்வாங்கியைத் தூண்டும். அத்தகைய தூண்டிகள் உணவில் இல்லாத சுண்டெலிகளின் குடற்சுவரிற் காவற்கலங்கள் அருகியமையை 2011 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றிலிருந்து பெறும் திரித்தோபனைக் குடலின் பற்றீரியாக்கள் மாற்றித் தரும் பொருள்களும் அவ்வாறே தூண்டுவன.

அங்ஙனமாயின் நன்மைக்கும் நஞ்சுக்கும் வேற்றுமை யாது? தூண்டப்பெற்ற வாங்கி கலத்தின் கருவுட் புகுந்து பரம்பரையலகுகளை எழுப்பும், அதனால் தோன்றும் நொதியங்கள் இயற்கைத் தூண்டியை விரைவிற் சிதைக்கும், அழைப்பும் அடங்கும். டயொட்சினோ எளிதிற் சிதையாது. அழைப்பு ஓயாது ஒலிக்கும். அந்த ஓயாமையே கேட்டுக்கு வித்தாகின்றது.

இவ்வேறுபாட்டை உணர்ந்ததன் பயன் மருத்துவத்திலும் விளைந்துள்ளது. தோல்நோய்க்கு நெடுங்காலம் பூசப்பட்ட நிலக்கரித் தார், இவ்வாங்கியைத் தூண்டியே தோலைச் சீர்செய்கின்றது என 2013 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. இதனையே தூண்டும் தபினரொவ் என்னும் பூச்சுமருந்தைக் காளாஞ்சகப்படைக்கு 2022 இல் அமெரிக்க அரசு ஏற்றது. மாசறிதலே இதன் பணியென்று கொண்டு இதனை அடக்கவே முயன்றிருப்பின், இப்பயன் கிட்டியிராது.

ஆகவே, தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர் ‘மாசுணர் வாங்கி’ என அமைத்தல் பொருந்தாது. உணவு, நுண்ணுயிர், நஞ்சு என வெளியிலிருந்து வருவன பலவற்றையும் அறிதலின் ‘சூழலுணர் வாங்கி’ என்பது தகும். மாணவன் முதலிற் கற்பது பெயரையே. அப்பெயர் குறைபடின் அவன் பெறும் அறிவும் குறைபடும்.