துருவக்குளிரும் பொறியாளர் பயிற்சியும்

திண்டுக்கல் பூட்டின் உறுதியை நம் ஊரார் பெருமையுடன் பேசுவர். அப்பூட்டைத் தென்துருவக் கண்டமாகிய அண்டார்ட்டிக்காவிற்குக் கொண்டுசென்று ஒரு கதவில் இட்டால் யாது நிகழும்? உள்ளே தடவிய எண்ணெய் மெழுகுபோல் இறுகும், திறவுகோல் திரும்பாது. கையுறையின்றிப் பற்றினவன் விரலின் ஈரம் உறைந்து, தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். வலிந்து திருகினால் ஏதேனும் ஓர் உறுப்பு ஒடிதலும் கூடும். எஃகில் பல வகைகள் கடுங்குளிரில் நெகிழ்விழந்து நொறுங்குந் தன்மை அடைவன. அக்கண்டத்து வாஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21ஆம் நாள் அளக்கப்பட்ட குளிர், சுழியத்திற்குக் கீழ் 89.2 பாகை செல்சியஸ். சித்திரை வெயிலில் வளர்ந்த நாம் இவ்வெண்ணை வாசிக்கலாம்; உணர்தல் அரிது.

ஆதலின் நம் நாட்டிலிருந்து அங்குப் பணிபுரியச் செல்வோர், தில்லியில் உடற்சோதனை முடித்து, இமயமலையிலுள்ள அவுலியில் இந்திய-திபெத்திய எல்லைக் காவற்படையின் பள்ளியில் பனிப்பயிற்சி பெறுகின்றனர். கயிற்றாற் பிணைந்து நடத்தல், பனிப்பிளவில் வீழ்ந்தாரை மீட்டல், கூடாரத்தில் இரவு கழித்தல் ஆகியவற்றை ஆங்குக் கற்பர். இவை படைவீரர்க்கே உரியன என்று பொறியாளர் எண்ணலாகாது. மின்கம்பியை இணைக்க வேண்டிய விரல் தடித்த கையுறைக்குள் அன்றோ இருக்கும்! விரைந்து முடிப்போமெனின் வியர்வை உடையை நனைக்கும். நனைந்த உடை குளிரைத் தடுக்காது. நாம் சோம்பலென்று இகழும் மெதுநடை அங்கு ஒழுக்கமாகும். (பேராசிரியர்களிடம் இதனை எடுத்துக்காட்டிப் பயன்பெற நினைக்கும் நண்பர்களுக்கு நான் பொறுப்பல்லேன்.)

உடல் கற்பதை மலை கற்பிக்கும். கட்டடக்கலையையோ அப்பனியே கற்பித்தது. 1983-84இல் நம்மவர் கடலோரப் பனித்தட்டின்மேல் தட்சிண கங்கோத்ரி நிலையத்தை எழுப்பினர். காற்று கொணர்ந்த பனி ஆண்டுதோறும் அதனைச் சூழ்ந்து மூடிற்று. 1990இல் அது கைவிடப்பட்டது. தமிழராகிய கர்னல் பா. கணேசன் தலைமையில் ஒரு குழு 1987 முதல் 1989 வரை தங்கியது அந்நிலையத்திலேதான். பாறைமேலும் மணல்மேலும் வீடு கட்டிய இருவர் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டவர்க்கு ஒரு புன்னகை தோன்றலாம். ஆயினும் ஒரே கோடையில் வீடெழுப்பி, அக்குளிர்காலத்திலேயே ஆட்களையும் குடியிருத்தியவர்களை அறிவிலார் என்றல் தகாது. அவர்கள் பட்ட பாடே அடுத்தவர்க்குப் பாடமாயிற்று. 1989இல் முற்றுப்பெற்ற மைத்ரி பாறைமேல் நிற்கின்றது. பனிக்காற்று அடியே கடந்து போகும்படி அதனைக் கால்களின்மேல் உயர்த்தியுள்ளனர். 2012இல் திறக்கப்பட்ட பாரதி நிலையத்தை 134 சரக்குப் பெட்டகங்களால் அமைத்தனர். பெரும்பகுதி வேலையை வெளியே முடித்துக் கொணர்ந்தால், குளிரில் செய்யவேண்டியது குறையுமன்றோ!

இத்தனையும் மின்னாக்கிப் பொறி ஒன்றை நம்பியே இயங்குகின்றன. சாதாரண டீசலில் மெழுகு திரண்டு குழாயை அடைக்குமாதலால், குளிர் தாங்கும் எரிபொருள் வேண்டும். பொறி நின்றால் அறை குளிரும். குழாயில் நீர் உறைந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பருத்து, குழாயைப் பிளக்கும். கப்பலோ கோடையில் மட்டுமே வரும். குளிர்காலத் தொடக்கத்தில் தீர்ந்துபோன ஒரு திருகாணிக்கும் அடுத்த கோடைவரை காத்திருத்தல் வேண்டும்.