சாம்புவோடு ஒரு ரயில் பயணம்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுகிறீர்கள். ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வருவதற்குள் ஒரு சாம்பு கதையை முடித்துவிடலாம். சிக்னலில் வண்டி நின்றால் இரண்டு!

'துப்பறியும் சாம்பு' 1940-களில் ஆனந்த விகடனில் வந்த தொடர். எழுதியவர் தேவன், இயற்பெயர் மகாதேவன், ஊர் திருவிடைமருதூர். சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. அசடு என்று பெயர் வாங்கி, வேலையும் போய், துப்பறியக் கிளம்புகிறார். அவர் தடுக்கி விழுந்தால் திருடன் அகப்படுவான். உளறினால் அதுவே துப்பு. இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து நிற்பார். அது வெறும் அதிர்ஷ்டம் என்ற ரகசியம் வாசகருக்குத்தான் தெரியும். பின்னாளில் ஓவியர் கோபுலு சாம்புவைப் படக்கதையாகவும் வரைந்தார்.

குற்றவாளி யார் என்பதைவிட, சாம்பு இந்தத் தடவை எப்படித் தப்பப் போகிறார், மனைவி வேம்பு என்ன நினைப்பாள் என்பதில்தான் நமக்கு ஆவல். ரத்தம் சொட்டாத துப்பறியும் கதைகளின் வசியமே பாத்திரத்தோடு நமக்கு ஏற்படும் அந்தப் பழக்கம்தான். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள், கிராமத்துக் கிழவி, பின்னல் ஊசியோடு உட்கார்ந்தே கொலைகாரனைக் கண்டுபிடிப்பாள். 1998-இல் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் தொடங்கிய தொடரில், போட்ஸ்வானாவின் மா ரமோட்ஸ்வே தேநீர் குடித்தபடியே ஊர்ச் சிக்கல்களை அவிழ்ப்பார். என் கட்சி சாம்புதான்: மற்ற இருவருக்கும் மூளை இருக்கிறது, அவருக்கு அந்தச் சௌகரியம்கூடக் கிடையாது!

தேவன் 1957-இல், 43 வயதில் மறைந்தார். சாம்பு கதைகள் இன்றும் புத்தகமாகக் கிடைக்கின்றன.