புகைக்குழாய்க்குள்ளே ஒளிந்திருக்கும் ஆபத்து

"சிம்னியை வாரா வாரம் துடைச்சுடறேனே, அது போதாதா?" என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. போதாது! துடைக்கக் கை எட்டாத இடத்தில்தான் ஆபத்தே இருக்கிறது.

பெண்கள் விடுதி ஒன்றின் சமையலறையை நான் கவனித்து வருகிறேன். பூரி, வடை, அப்பளம் என்று எண்ணெய் காயாத நாளே கிடையாது. அப்போது எழும் ஆவியும் நுண்துளிகளும் புகையோடு மேலே போகின்றன. அடுப்புக்கு மேலுள்ள ஃபில்டர் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. மீதி, புகைக்குழாயின் உட்புறத்தில் படிந்து, நாளடைவில் கெட்டிப் பிசுக்காகிவிடுகிறது. வாணலியில் தீப்பிடித்து ஜுவாலை மேலே எழும்பினால், ஃபில்டரும் குழாயும் பற்றிக்கொள்ளும். விசிறி இழுக்கும் காற்றும் சேர்ந்தால், தீ மாடி வரை ஓடிவிடும்!

சுத்தம் செய்ய வந்தவர் ஒரு முறை, "கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேம்மா, பாருங்க" என்றார். வெளிப்புறம் பளபளத்தது.

"குழாய்க்குள்ளே?" என்றேன்.

"அதை யாரும்மா பார்க்கப் போறாங்க?"

"தீ பார்க்குமே அப்பா!" என்றேன். குழாயின் பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே சுரண்டி எடுத்த பிறகே கூலியைக் கொடுத்தேன்.

அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த விதிப்படி, விறகு, கரி அடுப்புகளின் புகைக்குழாயை மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும். ஓயாமல் சமைக்கும் இடங்களில் 3 மாதத்துக்கு ஒரு முறை. நடுத்தரமான இடங்களில் 6 மாதத்துக்கு ஒரு முறை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, சிம்னியை நன்றாக ஆறவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து அலசி, ஈரம் முழுவதும் காய்ந்த பின்பே மாட்டுங்கள். அலுமினிய ஃபில்டருக்குக் காஸ்டிக் சோடா ஆகாது, கறுத்து அரித்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் துடைப்பதோ தீயை விலைக்கு வாங்குவது போல! எண்ணெய்க் கிண்ணம் இருந்தால் அது நிறையுமுன் கொட்டிவிடுங்கள்.

புகை சரியாக வெளியேறாவிட்டாலும், குழாய் இணைப்பில் எண்ணெய் சொட்டினாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ சொல்லுங்கள்.

வாணலியில் தீப்பிடித்தால் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது நொடியில் நீராவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசியடிக்கும். கை எட்டினால் அடுப்பையும் சிம்னியையும் அணைத்து, தட்டையான உலோக மூடியால் மூடுங்கள். ஆறும் வரை திறக்காதீர்கள். தீ குழாய்க்குள் ஏறிவிட்டதா? குழந்தைகளோடு உடனே வெளியேறி 101-க்குப் போன் செய்யுங்கள்.

சிம்னி எப்படிப் பளபளத்தாலும் சரி, குழாயைப் பார்க்காமல் சுத்தமாகிவிட்டது என்று சொல்லாதீர்கள்!