அலையாத்திக் காட்டில் பறவை நோக்கல்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை அடுத்து அமைந்துள்ளது பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் பரவியுள்ள இவ்வலையாத்திக் காடு, 2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இக்காட்டின் குறுகிய நீர்வழிகளில் துடுப்புப் படகில் செல்வோர், கரையில் நின்று காண இயலாத பறவைகளின் வாழ்வை அருகிலிருந்து காண்கின்றனர்.

ஓதமும் பறவையும்

கடல் ஓதம் ஏறும்பொழுது சேற்றுத்திட்டுகள் நீரில் மூழ்கும். பறவைகள் கிளைகளில் ஒதுங்கும். ஓதம் வடியும்பொழுது சேறு வெளிப்படும். புழு, நண்டு, நத்தை ஆகியவற்றைத் தேடிப் பறவைகள் இறங்கும். ஆதலால், பறவை நோக்கச் செல்வோர் ஓதம் வடியும் நேரத்தை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

அலகும் இரையும்

ஒரே சேற்றுத்திட்டில் பலவகைப் பறவைகள் மேய்வதைக் காணலாம். குட்டையான அலகுடைய உப்புக்கொத்தி சிறிது தூரம் ஓடி நின்று, சேற்றின் மேற்பரப்பில் தென்படும் இரையைக் கொத்தும். நீண்ட அலகுடைய உள்ளான் சேற்றினுள் அலகைச் செலுத்தி, மறைந்திருக்கும் புழுவை எடுக்கும். சின்ன வெண்கொக்கு ஆழமற்ற நீரைக் காலால் கலக்கி, வெருண்டோடும் சிறுமீனைப் பிடிக்கும். இரையும் அதனைப் பெறும் முறையும் வேறுபடுவதால் பறவைகளுக்கிடையே போட்டி குறைகிறது. நீர்க்காகத்தின் இறகுகள் நீரில் நனையும் இயல்புடையவை. ஆகவே, மீன்பிடித்தபின் அது சிறகுகளை விரித்து உலர்த்துகிறது.

தொலைவு காத்தல்

துடுப்புப் படகில் இயந்திர இரைச்சல் இல்லை. எனினும், ஓசையற்ற படகும் மிக நெருங்கினால் பறவைக்கு அச்சமே. குளிர்காலத்தில் வடபுலத்திலிருந்து வலசை வரும் உள்ளான்கள், திரும்பிச் செல்லும் நெடும்பயணத்திற்குத் தேவையான கொழுப்பை இத்தகைய சேற்றுநிலங்களில் மேய்ந்தே சேமிக்கின்றன. சேறு வெளிப்பட்டிருப்பதோ சில மணி நேரமே. அப்பொழுது அவற்றை வெருட்டிப் பறக்கச் செய்தால் உண்ணும் நேரம் குறைகிறது. சேமித்த ஆற்றலும் வீணாகிறது. கூட்டிலிருந்து தாய்ப்பறவை விரட்டப்பட்டால், முட்டைகள் வெயிலுக்கும் காகத்திற்கும் இலக்காகின்றன.

மேய்ந்துகொண்டிருந்த பறவை மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தி நோக்குமாயின், அஃது அச்சத்தின் அறிகுறியாகும். அப்பொழுது துடுப்பை நிறுத்தி, படகை மெல்லப் பின்வாங்கச் செய்தல் வேண்டும். பறவை மீண்டும் தலைகுனிந்து மேயத் தொடங்கும் தொலைவே பறவை நோக்குவோர் நிற்க வேண்டிய தொலைவாகும்.