நடுவில் படாத பந்துக்கு ஒரு மட்டை

ஞாயிறு காலையில் லால்குடி, துறையூர், முசிறிப் பேருந்துகளில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும் இளைஞர்கள் சிலரின் தோளில் கிரிக்கெட் மட்டை தொங்கும். மட்டை வாங்கும்போது அவர்கள் கடைக்காரரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: “அண்ணே, நல்லா வெயிட்டா இருக்கா, சிக்ஸ் போகுமா?” மிடிலில் பட்டால் எந்த மட்டையிலும் பந்து போகும். மிடிலில் படாத பந்து என்ன ஆகும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வாரம் ஒருநாள் டென்னிஸ் பால் மேட்ச் ஆடுபவருக்குப் பாதிப் பந்தாவது ஓரத்திலோ அடியிலோதான் படும். அவருடைய மட்டையின் தரத்தை முடிவு செய்வது அந்தப் பாதிதான்.

கோல்ஃப் ஆடுபவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். புல்லில் கிடக்கும் பந்தை வெகுதூரம் அனுப்ப ஃபேர்வே வுட் என்ற மட்டை உண்டு. அதில் 3-வுட்டின் முகச்சாய்வு சுமார் 15 டிகிரி, 7-வுட்டுக்குச் சுமார் 21. பின்னது நீளம் குறைந்தது. கொஞ்சம் பிசகி அடித்தாலும் பந்து எழும்பிவிடும். வயதானவர்களுக்கும் கத்துக்குட்டிகளுக்கும் உரியது என்று ஒதுக்கப்பட்ட அந்த 7-வுட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் டஸ்டின் ஜான்சன் 2020 மாஸ்டர்ஸ் பட்டத்தை 268 அடிகள் என்ற சாதனை எண்ணிக்கையில் வென்றார். மட்டையின் எடையை நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தள்ளினால் பிசகிய அடியில் அது கையில் திருகாது என்பது கோல்ஃபில் மட்டை வடிவமைப்பாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் நிலைநிறுத்திய தத்துவம். கிரிக்கெட் மட்டை நிறுவனமான கிரே-நிக்கோல்ஸ் 1974-ல் கொண்டுவந்த ‘ஸ்கூப்’ மட்டையிலும் இதே தத்துவம்தான்: முதுகின் நடுவே மரத்தைக் குடைந்தெடுத்து, கனத்தை இரு ஓரங்களிலும் விட்டார்கள். விதிப்படி மட்டையின் அகலம் 10.8 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. 2017 முதல் ஓரத்தின் தடிமனுக்கும் 4 செ.மீ. என்று வரம்பு வந்துவிட்டது. அந்தக் குறுகிய இடத்துக்குள்தான் எல்லா சாமர்த்தியமும்.

கனமான மட்டைதான் தூரம் அடிக்கும் என்பார்கள். டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவில். லெதர் பந்து 160 கிராமை ஒட்டி வரும். நின்ற பந்தை அடிப்பதாக வைத்து மோட்டாவாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ மட்டையை 1.2 கிலோ ஆக்கி அதே வேகத்தில் வீசினாலும் டென்னிஸ் பந்துக்குக் கூடுவது ஏறக்குறைய ஒரு சதவீத வேகம். லெதர் பந்துக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அதே வேகத்தில் வீச முடியுமா என்பதுதான் சிக்கல். கூடுதல் இருநூறு கிராம் கையை மந்தமாக்கினால் கிடைத்த லாபம் போய்விடும். பந்துக்கு நேரத்தோடு போய்ச் சேராததால் பிசகும் கூடும். சச்சின் கனத்த மட்டையில் ஆடவில்லையா என்றால், ஆடினார். அவருக்கு மிடிலில் படாத பந்துகள் எத்தனை?

இப்படிப் பிசகை மன்னிக்கும் மட்டை ஆட்டக்காரனைச் சோம்பேறியாக்கும் என்ற பயிற்சியாளர்களின் ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு. நெட்ஸில் குறுகிய மட்டையால் பழகினால் கண் கூர்மையாகும், சரி. மேட்சில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஒவ்வொரு பிசகுக்கும் கை விண்ணென்று அதிர்ந்தால் அவன் கற்றுக்கொள்வது ஒதுங்கி ஆடத்தான். லெதர் பந்தில் டிவிஷன் லீக் ஆடுபவர், தன் பந்து வழக்கமாக எங்கே படுகிறது என்று தெரிந்தவர், மிடில் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்து இங்கிலீஷ் வில்லோவுக்குச் செலவழிக்கலாம். டென்னிஸ் பாலுக்கு அந்த விலையும் மரத்தின் கிரெயின்ஸை (வரிகளை) எண்ணுவதும் வீண். ஓரம் தடித்த, எடை குறைந்த காஷ்மீர் வில்லோ போதும்.

கடையில் பார்க்க வேண்டியது சுலபம். மேல்கையால் மட்டும் பிடியைப் பிடித்து மட்டையைத் தோள் உயரத்துக்கு நீட்டுங்கள். நுனி உடனே தொங்கினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மர மேலட்டால் நடுவிலிருந்து ஓரம்வரை தட்டிக்கொண்டே போங்கள். பிடித்த கையில் அதிர்வு எவ்வளவு தள்ளித் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஸ்டிக்கரில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.